உல்லாசக் கடலோட்டம்: அன்றும் இன்றும்

கடலை நம்பி வாழும் மக்கள் விளையாட்டின் பொருட்டுக் கடலிற் செல்வது அரிது. வலை வீசச் செல்பவனுக்கும் சரக்கேற்றிச் செல்பவனுக்கும் கடல் ஒரு வயல்; பகலெல்லாம் உழுதவன் மாலையிற் பொழுது போக்குவதற்காக மீண்டும் ஏர் பிடிப்பதில்லை. காற்றின் போக்கையும் நீரோட்டத்தின் போக்கையும் அறிந்து பாய் விரிக்கும் கலை எல்லாத் தேசங்களிலும் பிழைப்புக்காகவே வளர்ந்தது. ஆதாயங் கருதாது, இன்பம் ஒன்றையே கருதி அக்கலையைப் பயிலும் வழக்கம் உலக வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றிற்று. பண்டை மன்னரும் செல்வரும் நீர்மேல் உலாவினர் என்பது உண்மையே. ஆனால், அவர்கள் அமர்ந்து சென்ற ஓடங்களைப் பெரும்பாலும் ஏவலாளரின் துடுப்பு வலிமையே நகர்த்திற்று. புகார் நகரத்தாரின் கடலாட்டைக் கூறவந்த சிலப்பதிகாரமும் கோவலனையும் மாதவியையும் கடற்கரைச் சோலையிலே யாழுடன் இருத்துகின்றதேயன்றிப் பாய்க்கலத்தில் ஏற்றவில்லை. தன் கையாற் சுக்கானைப் பிடித்து, காற்றோடு தானே போராடி, அப்போராட்டத்தையே இன்பமாகக் கொள்வது வேறொரு மனநிலையாகும். அம்மனநிலைக்கு ஓய்வும் பொருளும் வேண்டும். கலமும் கலையும் வேண்டும். ஓய்வும் பொருளும் செல்வரிடம் இருந்தன. கலமும் கலையும் எவரிடமிருந்து வந்தன என்பதே இவ்வரலாற்றில் ஆராயத்தக்கது.

இவ்வழக்கத்தின் பிறப்பிடம் ஒல்லாந்து. கால்வாய்களும் கழிகளும் ஆழமற்ற உட்கடலும் நிறைந்த அந்நாட்டிலே பதினேழாம் நூற்றாண்டில் 'யாக்ட்' என்னும் ஒருவகைச் சிறு கலம் வழங்கிற்று. வேட்டை எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லின் அடியாக இப்பெயர் பிறந்தது. பகைவரைத் துரத்தவும், செய்தி கொண்டு செல்லவும், பெருங்கப்பல்களுக்கு முன்னே சென்று வழி பார்க்கவும் பயன்பட்ட விரைவுக் கலம் அது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியாரும் அவ்வகைக் கலங்களைக் கீழைக் கடல்களில் வைத்திருந்தனர். 1606 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் வடகரையைக் கண்ட 'டொய்வ்கன்' அத்தகையதே. உள்நாட்டு வணிகச் செல்வர் அக்கலத்தின் பின்புறத்தில் அழகிய அறையமைத்து, செதுக்கு வேலைகளால் அலங்கரித்து, விழா நாட்களில் உலாவப் பயன்படுத்தினர். ஆங்கிலத்தில் 'யொட்' என இன்று வழங்குஞ் சொல் இதன் திரிபேயாகும்.

ஒல்லாந்திலே நாடிழந்து தங்கியிருந்த இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் 1660 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரியணைக்கு மீண்டபோது, ஆம்ஸ்ரர்டாம் நகரத்தார் 'மேரி' என்னும் உல்லாசக் கலமொன்றை அவனுக்குப் பரிசளித்தனர். அதற்கு ஈராண்டு முன்னரே, 1658 இல், போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவரும் இவ்வொல்லாந்தரே. யாழ்ப்பாணத்தார் அவர்களுடைய பீரங்கியைக் கண்டனர்; இலண்டன் மாநகரத்தார் அவர்களுடைய விளையாட்டுக் கலத்தைக் கண்டனர். மன்னன் 'மேரி'யோடு அமையவில்லை. அதனினும் விரைவான கலங்களைக் கட்டுமாறு தன் கடற்படைத் தச்சரை ஏவினான். அவன் தம்பியாகிய யோர்க் கோமகனும் ஒன்று கட்டுவித்தான். 1661 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இவ்விருவரும் நூறு பவுண் பந்தயங் கட்டி, தேம்சு நதியிலே கிறீனிச்சிலிருந்து கிரேவ்செண்ட் வரை சென்று மீளும் ஓட்டமொன்றை நடத்தினர். போகும்போது காற்று எதிராயிருந்தமையால் மன்னன் தோற்றான், மீளும்போது வென்றான். அன்று அரசனோடு கலத்திற் சென்ற யோன் ஈவ்லின் என்னும் அறிஞர், அரசன் இடையிடையே தானே சுக்கானைப் பிடித்தான் எனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். முடிவேந்தன் ஒருவன் ஊதியம் பெறும் மாலுமியின் தொழிலை விளையாட்டாகக் கைக்கொண்ட செய்தி அது. பரிசாக வந்த 'மேரி'யோ 1675 இல் வேல்சு நாட்டு அங்கிள்சித் தீவின் அருகே பாறையில் மோதி முப்பத்தைந்து உயிர்களோடு அழிந்தது. 1971 ஆம் ஆண்டிற் சுழியோடிகள் அதன் பீரங்கிகளைக் கடலடியிற் கண்டனர்.

அரசன் தொடங்கியதைப் பிரபுக்கள் தொடர்ந்தனர். 1720 இல் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்திலே ஒரு நீர்க்கழகம் தோன்றிற்று. அதன் அங்கத்தவர் இருபத்தைவருக்கு மேற்படலாகாது. அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடாது, தம்முள் ஒருவரைக் கடற்படைத் தலைவராகக் கொண்டு, கொடியசைவுக்கேற்ப அணிவகுத்துச் சென்றனர். விருந்தளிக்கும் முறை வரும்போது இரண்டு இறைச்சிக் கறிகளுக்கு மேல் எவரும் கொண்டுவரலாகாது என்று விதிசெய்து வைத்தனர் என்பதைக்கொண்டு அவர்களது கடலோட்டத்தின் இயல்பை ஒருவாறு உணரலாம்! 1775 இல் கம்பர்லாந்துக் கோமகன் தேம்சு நதியில் வெள்ளிக் கிண்ணமொன்றைப் பரிசாக வைத்துப் போட்டியை வளர்த்தான். 1815 இல் இலண்டனிற் கூடிய கனவான்கள் அமைத்த கழகம் வைற் தீவின் கவுஸ் நகரைத் தன் இருப்பிடமாக்கி, அரச ஆதரவு பெற்று, 1833 இல் 'அரச யொட் அணி' என்னும் பெயரைப் பூண்டது. ஆங்கிலேயர் ஆட்சி சென்ற இடமெல்லாம் இத்தகைய கழகங்களும் சென்றன. பம்பாயிலும் கொழும்பிலும் தோன்றின.

இக்கழகங்களின் கலங்களைச் செலுத்தியோர் யாவர்? கயிற்றை இழுத்தோரும் பாயை மடித்தோரும் இரவிற் காவலிருந்தோரும் கனவான்கள் அல்லர். எசெக்ஸ் மாகாணத்துப் பிறைற்லிங்சீ, றோஹெட்ஜ் முதலிய கடற்கரையூர்களின் மீனவர், மாரியிற் சிப்பியும் மீனும் வாரிக் கோடையிற் கனவான்களின் கலங்களிற் கூலிக்கமர்ந்தனர். ஆற்றுவாயின் மணல்மேடுகளுக்கிடையே கடுங்குளிரில் வலையிழுத்துப் பெற்ற அறிவே கவுஸ் நகரத்து வெள்ளிக் கிண்ணங்களை வென்றது. கிண்ணத்தில் உடையவன் பெயர் பொறிக்கப்பட்டது.

கலத்தின் வடிவும் அவ்வாறே உழைப்பின் வழி வந்தது என்பதற்கு 1851 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தக்க சான்று. ஏழாண்டுகளுக்கு முன்னர் அமைந்த நியூயோர்க் யொட் கழகத்தார் சிலர் 'அமெரிக்கா' என்னும் இருபாய்மரக் கலத்தை அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே செலுத்தி வந்தனர். அதனை வரைந்த ஜோர்ஜ் ஸ்ரீயர்ஸ் என்பவர் நியூயோர்க்கின் துறைமுக வழிகாட்டிகளுக்குப் படகமைத்தவர். துறைமுகத்தை நாடிவருங் கப்பலை முதலில் எட்டிப்பிடித்து ஏறும் வழிகாட்டிக்கே அதனை உள்ளே கொண்டுசெல்லும் கூலி கிடைக்கும். ஆதலால், அவர்களுடைய படகுகளுக்கு விரைவே வாழ்வாயிருந்தது. கூர்மையான முன்புறமும் அகன்ற நடுப்பகுதியும் அவ்வாழ்வு தந்தவை. அக்கலத்தின் மீகாமனும் அத்தகைய வழிகாட்டி ஒருவரே. ஆங்கிலக் கலங்களின் சணல்நார்ப் பாய்கள் காற்றிற் பை போலத் தொங்க, அமெரிக்கர் பொறியில் நெய்த பருத்திப் பாய்கள் தட்டையாக நின்றன. ஓகஸ்ற் 22 ஆந் திகதி வைற் தீவைச் சுற்றி நடந்த ஓட்டத்திற் பதினான்கு ஆங்கிலக் கலங்களை அது பின்தள்ளிற்று. அன்று வென்ற கிண்ணமே பின்னர் 'அமெரிக்காக் கிண்ணம்' எனப் பெயர்பெற்று, 1983 இல் அவுஸ்திரேலியர் வெல்லும் வரை 132 ஆண்டுகள் அமெரிக்கரை விட்டகலாதிருந்தது.

அக்கிண்ணத்தை மீட்க முயன்றோருள் இலங்கையோடு தொடர்புடையவர் ஒருவர் உளர். அவரே தோமஸ் லிப்டன். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிவந்த பெற்றோருக்குக் கிளாஸ்கோ நகரிற் பிறந்து, 1871 இல் அந்நகரிலே சிறு மளிகைக் கடை திறந்து, இருபதாண்டுகளுக்குள் பிரித்தானியா எங்கும் கடைகளையுடையவரானார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து இலங்கைத் தோட்டங்கள் மலிவாக விலைக்கு வந்திருந்த காலத்திலே, 1890 இல், இங்கு வந்து அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இன்றும் அம்மலையுச்சியில் அவர் அமர்ந்து பார்த்த இடம் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

தேயிலையால் உலகப் பெயர்பெற்ற லிப்டன் 1899 இல் 'சாம்றொக்' என்னும் கலத்தோடு நியூயோர்க் சென்றார். தோற்றார். 1901 இலும் 1903 இலும் தோற்றார். மூன்றாம் முறை அவரை வென்ற 'றிலையன்ஸ்' பதினாறாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட பாய்ப்பரப்பையும் அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகளையும் கொண்டது. அப்போட்டிக்கென்றே கட்டப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது. 1914 இல் நான்காம் 'சாம்றொக்' அத்திலாந்திக்கிற் சென்றுகொண்டிருக்கையில் உலகப் போர் மூண்டது. ஆறாண்டு கழித்து நடந்த போட்டியில் முதலிரு ஓட்டங்களையும் வென்று, எஞ்சிய மூன்றையும் இழந்தார். 1930 இல் எண்பது வயதை எட்டிய முதியவராய் ஐந்தாம் முறையும் தோற்றார். முகங்கோணாது தோற்ற அவரை அமெரிக்க மக்கள் தம்முட் பணந்திரட்டிப் பொற்கிண்ணமளித்துப் போற்றினர். ஆனால், கவுஸ் நகரத்து அரச யொட் அணியினர் மளிகைக்கடைக்காரரைத் தம்மோடு சேர்க்க நெடுங்காலம் மனங்கொள்ளவில்லை. அக்காரணத்தால் அவர் ஐந்து முறையும் அல்ஸ்ரர் கழகத்தின் பெயராலேயே போட்டியிட நேர்ந்தது. 1931 இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, அவரை அங்கத்தவராக்கினர்.

'சாம்றொக்' கலங்களிற் கயிறிழுத்தோர் எசெக்ஸ் மீனவர். 1899 இல் அவர்களை எதிர்த்த 'கொலம்பியா'விற் கயிறிழுத்தோர் மெயின் மாநிலத்து டியர் தீவு மீனவர். கோடீசுவரர் இருவரின் போட்டி எனப் பத்திரிகைகள் வருணித்தது உண்மையில் இரு கரைகளின் மீனவரது போட்டியாயிருந்தது. அவ்விருசாராரையும் விட இவ்விளையாட்டிலிருந்து தொலைவில் நின்ற வேறொரு சாராரும் உண்டு. லிப்டனின் பெருஞ்செல்வத்தில் ஒரு பகுதியைக் கொழுந்து கொழுந்தாய்க் கிள்ளிச் சேர்த்தோர் தம்பேத்தன்னைச் சரிவுகளின் தமிழ்த் தொழிலாளர். அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. பாக்குநீரிணையை அவர்கள் கடந்தது உல்லாசத்திற்காக அன்று. லிப்டனின் வரலாற்றை எழுதியோர் அவர் தோல்விகளின் பெருந்தன்மையை விரித்துரைப்பதில் நூற்றிலொரு பங்கையேனும் இவர்கள்மேற் செலுத்தியிருக்கலாம்.

இவ்வாறு பெருஞ்செல்வர் பெருங்கலங் கட்டிய அதே காலத்திலே நீராவி, பாயின் தொழிலைப் பறித்துக்கொண்டிருந்தது. பாய்க்கப்பல் மாலுமிகள் வேலையிழந்தனர். கலங்கள் கரையேறி மக்கின. ஜோசுவா ஸ்லோக்கம் அவ்வாறு தொழிலிழந்த கப்பற்றலைவர்களுள் ஒருவர். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வயலொன்றில் மக்கிக் கிடந்த பழைய சிப்பிப் படகொன்றை அவருக்கு நண்பரொருவர் கொடுத்தார். பதின்மூன்று மாதங்கள் உழைத்து, ஐந்நூற்றைம்பது டொலர் அளவிற் செலவிட்டு, அப்படகின் பலகைகளையெல்லாம் தம் கையாற் புதுப்பித்தார். 'ஸ்பிறே' என்ற அக்கலத்திலே 1895 ஏப்ரலில் பொஸ்ரனிலிருந்து தனியே புறப்பட்டு, 46,000 மைல் கடந்து, 1898 யூனில் மீண்டார். உலகைத் தனியொருவராய்க் கடல்வழி சுற்றியோருள் முதல்வர் இவரே. இவர் செய்தது தொழிலா, உல்லாசமா? சரக்கும் இல்லை, கூலியும் இல்லை; எனினும் இதனை விளையாட்டென்று சொல்ல நாவெழாது. தொழில் போன பின்னும் கலை போக மறுத்தது என்பதே பொருந்தும்.

ஐரோப்பாவிலும் அதுவே நிகழ்ந்தது. துறைமுக வழிகாட்டிகள் நீராவிப் படகுக்கு மாறியபோது அவர்களுடைய பாய்க்கலங்கள் மலிவாக விற்கப்பட்டன. பெருஞ்செல்வமில்லாத கடலார்வலர் அவற்றை வாங்கினர். பிரான்சிலே 1913 இல் வழிகாட்டிப் படகாகக் கட்டப்பட்ட 'ஜொலி பிறீஸ்', 1925 இல் நடந்த முதலாவது ஃபாஸ்ற்நெற் கடலோட்டப் போட்டியை வென்றது. அக்கலம் இன்றும் மிதக்கின்றது; அதனையொத்தவற்றுட் பல விறகாயின. உல்லாசிகள் வாங்காதிருப்பின் இதுவும் விறகாகியிருக்கும்.

இத்தொடர்பில் வல்வெட்டித்துறையின் பெயர் வருகின்றது. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், தென்னிந்தியத் துறைகளிலிருந்து ஓடும் பிற பண்டங்களும் ஏற்றிவந்த கப்பல்கள் அவ்வூரிலே கட்டப்பட்டன. வரைபடமின்றி, கண்ணளவும் கையளவும் கொண்டு மேத்திரிமார் கட்ட, தண்டையல்மார் செலுத்தினர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் முப்பத்திரண்டடிப் படகில் உலகைச் சுற்றிய வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர், உலகெங்கும் மறைந்துவரும் உழைப்புக் கலங்களின் வடிவில் ஈடுபாடுடையவர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் இருபாய்மரக் கப்பலைக் கண்டு அவர் விலைக்கு வாங்கினார். நீளம் ஏறத்தாழத் தொண்ணூறு அடி. தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என அதற்கு மறுபெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமியரோடு அது சுயஸ் கால்வாய் வழியே சென்று, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்ற் முதலாந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. குளோஸ்ரர் தானும் பாய்க்கப்பல் மீனவரின் புகழ்பெற்ற ஊர். வங்கக் கடலில் மூட்டை சுமக்கக் கட்டிய கப்பலொன்றை, அட்லாந்திக்கின் குளிர்ந்த கரையில் நின்றோர் அழகுப் பொருளாகப் பார்த்தனர்.

அமெரிக்கச் செல்வர் ஒருவரின் ஆசைக்குக் கப்பலை விற்றது பற்றி வருந்துவோர் இருக்கலாம். வருத்தத்திற்கு வேறு இடமுண்டு. அடுத்த இருபதாண்டுகளுக்குள் உலகப் போரும், பர்மா வணிகத்தின் வீழ்ச்சியும், 1948 இன் பின் இறுகிய குடிவரவு சுங்கக் கட்டுப்பாடுகளும், இயந்திரப் படகும் சேர்ந்து வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களின் காலத்தை முடித்துவைத்தன. எஞ்சியவற்றை விலைக்கு வாங்க உல்லாசிகள் எவரும் வரவில்லை. பாயைப் பிழைப்புக்காக மட்டுமே பயின்ற ஊரில், பிழைப்பு மாறியதும் பாயும் மறைந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் துடுப்பாட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் ஆங்கிலேயரிடமிருந்து ஏற்றுக்கொண்டன, கடலோட்டத்தை ஏற்கவில்லை. அதற்கு வெள்ளைக்காரன் வேண்டியதில்லை, தண்டையல் ஒருவர் போதும் என்பது எவர்க்கும் தோன்றாதது வியப்பே.

இரண்டாம் உலகப் போரின் பின் மேற்கு நாடுகளில் இவ்விளையாட்டு செல்வரின் கையிலிருந்து நழுவி எளியோரிடஞ் சென்றது. ஒட்டுப்பலகையும் புதிய பசைகளும் அதற்குக் காரணம். 1963 இல் 'டெய்லி மிறர்' பத்திரிகையின் ஆதரவில் வெளிவந்த 'மிறர்' படகு பதினோரடிக்கும் குறைந்தது. அறுபத்துமூன்று பவுண் பதினொரு சிலிங் கொடுத்தால் அறுத்த பலகைகள் பெட்டியில் வந்துசேரும். செப்புக் கம்பியால் அவற்றைத் தைத்து, பசைநாடா ஒட்டி, வீட்டு முற்றத்திலேயே படகாக்கலாம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவை இவ்வாறு கட்டப்பட்டன. அவற்றின் செந்நிறப் பாயின் கீழே பள்ளி ஆசிரியரும் தபால்காரரும் தம் பிள்ளைகளோடு அமர்ந்தனர். பலகைகளைக் கம்பியால் தைப்பதைப் புதுமையென்று அங்கு கொண்டாடினர். கீழைக்கடலோடிகள் ஆணியின்றிக் கயிற்றாற் படகு தைத்த பழமையை அறிந்தோர்க்கு அது அத்துணைப் புதிதன்று.

1966–67 இல் பிரான்சிஸ் சிச்செஸ்ரர் சிட்னியில் மட்டும் தங்கித் தனியே உலகைச் சுற்றினார். எங்கும் தங்காது சுற்றுவதே எஞ்சியது. 1968 இல் அதற்கெனப் புறப்பட்ட ஒன்பதின்மருள் ஒருவரே முடித்தார். அவர் றொபின் நொக்ஸ் ஜோன்ஸ்ரன் என்னும் வணிகக் கப்பல் அதிகாரி. அவர் சென்ற 'சுஹைலி' பம்பாயிலே கட்டப்பட்டது. இந்தியத் தச்சர், வாய்ச்சியும் கயிற்றுத் துரப்பணமும் கொண்டு, தேக்கு மரத்தில் அமைத்த முப்பத்திரண்டடிப் படகு அது. அதன் வடிவின் மூலமோ நோர்வே நாட்டு மீனவரைப் புயலிற் காக்கக் கொலின் ஆர்ச்சர் அமைத்த மீட்புப் படகு. புதுமுறைக் கலங்களிற் புறப்பட்டோர் ஒவ்வொருவராக விலக, பத்திரிகைகள் பொருட்படுத்தாத இம்மந்தமான படகு 312 நாள் ஓடி, 1969 ஏப்ரல் 22 ஆந் திகதி பல்மத் துறைமுகத்தை அடைந்தது. பொய்யான இடக்குறிப்புகளை அனுப்பிப் பின் கடலில் மறைந்துபோன போட்டியாளர் டொனால்ட் குறோகேர்ஸ்ற்றின் குடும்பத்துக்கே நொக்ஸ் ஜோன்ஸ்ரன் தம் பரிசுப் பணமாகிய ஐயாயிரம் பவுணையும் அளித்தார்.

இன்று அமெரிக்காக் கிண்ணத்துக்குப் போட்டியிடும் கலங்கள் நீரில் மிதப்பதில்லை. நீரினுள் அமிழ்ந்த சிறகுகளின் மேலெழுந்து பறக்கின்றன. மணிக்கு ஐம்பது கடல்மைலையும் தாண்டுகின்றன. 2024 இல் பார்சலோனாவில் நடந்த போட்டியிற் சில மாலுமிகள் கயிறிழுக்காது, துவிச்சக்கரவண்டியின் மிதியை மிதித்து நீரழுத்தப் பொறிகளுக்கு வலுவூட்டினர். அறிவியலின் அருஞ்செயல்தான். ஆயினும், எந்த மீனவனும் எந்த வழிகாட்டியும் அக்கலத்தில் தன் படகின் சாயலைக் காணான். அவ்வளவில் அது பழைய மரபினின்றும் அறுந்துவிட்டது.

அறாத மரபும் உண்டு. 2018 இல், முதற்போட்டியின் ஐம்பதாண்டு நிறைவை யொட்டி, செய்மதி வழிகாட்டியின்றி விண்மீனையும் சூரியனையும் அளந்தே உலகைச் சுற்றும் போட்டியொன்று நடந்தது. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 'சுஹைலி'யின் வடிவிலேயே கோவாவிற் கட்டப்பட்ட 'துரியா'விற் சென்றார். 2013 இலேயே எங்கும் தங்காது தனியே உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். செப்ரெம்பரில் இந்துசமுத்திரத்தின் தென்பகுதியிற் புயல் அவர் கலத்தைப் புரட்டிப் பாய்மரங்களை முறித்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழமுடியாது கிடந்த அவரை, பிரான்சின் மீன்பிடிக் காவற் கப்பலாகிய 'ஒசிறிஸ்' சென்று மீட்டது. சத்திரசிகிச்சையின் பின் மீண்டும் நடக்கப் பழகிய டோமி, 2022 இல் அதே போட்டிக்கு வேறொரு கலத்திற் புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராய்ப் பிரான்சின் கரையை அடைந்தார். அவருக்கு முன் முதலாவதாக வந்தவர் தென்னாபிரிக்கப் பெண்ணாகிய கேர்ஸ்ரன் நொய்ஷேபர்.